வளர்பிறைக்குப் போட்ட மொட்டை

கண்டியில் ஒரு நொத்தாரிசிடம் காணி உறுதிப் பத்திரம் எழுதுவது என் தொழில். நான் எழுதிய உறுதியில் ஒரு காற்புள்ளியைக்கூட இதுவரை எந்த வழக்கறிஞரும் அசைத்ததில்லை என்று நானே நாலு பேரிடம் சொல்லிக்கொள்வதுண்டு. அப்படிப்பட்டவன் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை கடவுளுக்கு ஒரு பத்திரம் எழுதினேன். அதனால் என் தலைமுடி போனது, மீசை போனது, கல்யாணம் போகப் பார்த்தது. அரை நாளைக்கு என் அப்பாவும் போய்விட்டார். எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு உதைபந்தாட்டக் கழகம் என்பதை இன்றைக்கும் கொஞ்சம் வெட்கத்தோடுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் ஊர்க் கழகத்தின் பெயர் கலஹா வளர்பிறை. யார் வைத்த பெயரோ தெரியாது, ரொம்பவும் யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு பருவமும் சின்னக் கீற்றாகத் தொடங்குவோம். நடுவில் ஊரே அண்ணாந்து பார்க்கிற மாதிரி வளர்ந்து நிற்போம். கடைசி மூன்று வாரத்தில் அமாவாசை. ரக்பிக்குப் பேர்போன கண்டியில் உதைபந்தாட்டத்தின் பின்னால் அலைவதே ஒரு தனி வியாதி. அதிலும் வளர்பிறையின் பின்னால் அலைவது வைத்தியம் இல்லாத வியாதி. எனக்கு அது பன்னிரண்டு வயதிலேயே தொற்றிவிட்டது.

நான் சொல்லப்போகிற வருடம் எனக்கு முப்பது வயது. தெல்தெனியவில் ஒரு பாடசாலையில் தமிழ் படிப்பிக்கும் தர்ஷினிக்கும் எனக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பரிசம் போட்ட அன்று அவர் என்னிடம் தனியாகப் பேசியது மூன்றே நிமிடம். அதில் இரண்டு நிமிடம் உதைபந்தாட்டம் பற்றியது.

"ஒங்க ஆட்டம் ஒங்களோட இருக்கட்டும். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா நம்ம கல்யாணத்துக்குள்ள மட்டும் பந்து உருண்டு வரக்கூடாது. சரியா?"

"சரி," என்றேன். (வேறு என்ன சொல்வது? அந்த நேரத்தில் வளர்பிறையைக் கலைத்துவிடச் சொல்லியிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.)

அந்தப் பருவம் நாங்கள் ஆடிய ஆட்டம் இருக்கிறதே, அதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிமிர்கிறது. நான்கு ஆட்டங்கள் மிச்சம் இருக்கும்போது முதலிடத்தில் நின்றோம். இரண்டாவதாக வந்துகொண்டிருந்த அம்பிட்டியக்காரர்களைவிட ஏழு புள்ளி கூடுதல். வெற்றிக்கு மூன்று புள்ளி, சமநிலைக்கு ஒன்று. கலஹாவில் ஆளாளுக்குக் கிண்ணத்தை எங்கே வைப்பது என்று இடம் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். நான் மட்டும் இடம் பார்க்கவில்லை. அமாவாசைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து முனியாண்டி கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. வேண்டுதலைக் கடதாசியில் எழுதிச் சுருட்டிச் சாமியின் சூலத்தில் மஞ்சள் நூலால் கட்டிவிட வேண்டும். நிறைவேறியதும் பூசாரியே அவிழ்த்து வாசித்து, கொடுக்க வேண்டியதைக் கொடுக்க வைப்பார். மற்றவர்கள் 'பரீட்சை பாஸாகணும்', 'வெளிநாடு போகணும்' என்று ஒற்றை வரியில் எழுதிக் கட்டுவார்கள். என்னால் அப்படி முடியுமா? அலுவலகத்துக் கடதாசியில், இடப்பக்கம் ஓரம் விட்டு, இப்படி எழுதினேன்:

"பெருமாள் மகன் சந்திரகுமார் ஆகிய நான் முனியாண்டி சுவாமியாகிய தங்களிடம் இத்தால் வேண்டிக்கொள்வது யாதெனில், வளர்பிறைக் கழகமானது இப்பருவத்தில் எஞ்சியுள்ள நான்கு ஆட்டங்களுள் எந்தவோர் ஆட்டத்திலும் தோல்வியுறாதிருக்கத் தாங்கள் அருளும் பட்சத்தில், எனது முடியை முழுமையாகவும் நிபந்தனையின்றியும் தங்களுக்குக் காணிக்கையாக ஒப்படைப்பேன்."

கீழே கையொப்பமும் போட்டேன். வெல்ல வேண்டும் என்று ஏன் எழுதவில்லை என்று நீங்கள் கேட்கலாம். இந்தக் கேள்வியை என்னிடம் கேட்காத ஆளே கலஹாவில் இல்லை. நான்கு வெற்றி கேட்பது பேராசையாகத் தெரிந்தது. தோற்காமல் இருந்தால் தானாகவே வெல்வோம் என்பது என் கணக்கு. உறுதி எழுதுகிற புத்தி, சுற்றி வளைத்துத்தான் யோசித்தது.

வேலுப் பூசாரி கிழமை நாட்களில் தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்பவர், சிக்கனமாகப் பேசுபவர். கடதாசியை வாங்கி உதடு அசைய இரண்டு தடவை வாசித்தார்.

"வெவரமா எழுதியிருக்கீங்க தம்பி. சாமிக்குத் தெளிவா வெளங்கும்," என்றார்.

சாமிக்கு ரொம்பத் தெளிவாகவே விளங்கியது. முதல் ஆட்டம் பூச்சியத்துக்குப் பூச்சியம். தோற்கவில்லை என்று சந்தோஷப்பட்டேன். இரண்டாவது ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று. பரவாயில்லை, சாமி காக்கிறார் என்று கற்பூரம் ஏற்றினேன். மூன்றாவது ஆட்டம் இரண்டுக்கு இரண்டு. அப்போதுதான் எனக்குள் இருந்த நொத்தாரிசுக் கிளார்க்குக்கு வியர்த்தது. இதற்கிடையில் அம்பிட்டியக்காரர்கள் மூன்றையும் வென்றுவிட்டார்கள். ஏழு புள்ளியாக இருந்த இடைவெளி ஒன்றாக வந்து நின்றது.

அன்றைக்கே கோயிலுக்கு ஓடினேன்.

"பூசாரி, அந்தக் கடதாசிய கொஞ்சம் அவுத்துத் தாங்க. ஒரு வரி மாத்தணும்."

"கட்டினத அவுக்கக் கூடாது தம்பி."

"அவுக்க வேணாம். திருத்தப் பத்திரம் ஒண்ணு எழுதியாந்திருக்கேன். பக்கத்துல கட்டிருங்க."

"காணி கச்சேரியா தம்பி இது," என்று சொல்லிவிட்டு அவர் மணியைத் துடைக்கப் போய்விட்டார்.

கடைசி ஆட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேராதனையில். கல்யாணத்துக்கு இன்னும் பதின்மூன்று நாள். வென்றால் கிண்ணம். சமநிலையில் முடிந்து, அதே நேரம் வேறு மைதானத்தில் ஆடும் அம்பிட்டியக்காரர்கள் வென்றால், அவர்களுக்குக் கிண்ணம். கொட்டுகிற மழையில் எண்பத்தொன்பதாவது நிமிடம் வரை மூன்றுக்கு இரண்டு என்று முன்னிலையில் நின்றோம். நான் சட்டையைக் கழற்றிச் சுழற்றிக்கொண்டிருந்தேன். (முப்பது வயது. நொத்தாரிசு அலுவலகம். நிச்சயமான பிள்ளை.) அப்போது எதிரணிக்காரன் ஒருவன் சும்மா உயர்த்தி அடித்த பந்தை எங்கள் கோல் காப்பாளர் அழகாகப் பிடித்தார். பிடித்தவர் சேற்றில் வழுக்கி, பந்தைப் பச்சைக் குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டே பின்னால் போய்க் கோட்டுக்கு உள்ளே உட்கார்ந்துவிட்டார். மூன்றுக்கு மூன்று. அம்பிட்டியக்காரர்கள் வென்ற செய்தி இரண்டு நிமிடத்தில் வந்தது. நாங்கள் ஒரே ஒரு புள்ளியால் கிண்ணத்தை விட்டோம், ஆனால் ஓர் ஆட்டத்திலும் தோற்கவில்லை.

நான் மைதானத்து மதிலோரம் குந்தி அழுதேன். காற்சட்டைப் பையில் இருந்த போன் தண்ணீரில் ஊறி உயிரை விட்டிருந்தது. வீட்டுக்கு வந்து அதை அரிசி வாளிக்குள் புதைத்துவிட்டு நிமிர்ந்தால், வாசலில் வேலுப் பூசாரி நிற்கிறார். கையில் மஞ்சள் நூல் அவிழ்த்த கடதாசி.

"சாமி குடுத்துட்டாரு தம்பி. நீங்க எப்ப குடுக்கிறீங்க?"

"என்ன பூசாரி குடுத்தாரு? கிண்ணமே போயிருச்சு."

"கிண்ணத்தப் பத்தி இதுல ஒரு வார்த்தை இல்லையே," என்று கடதாசியை நீட்டினார்.

வாதாடிப் பார்த்தேன். கேட்டதன் நோக்கம் வேறு என்றேன். எழுத்தில் உள்ளதுதான் செல்லும் என்று நான் தினமும் கட்சிக்காரர்களுக்குச் சொல்கிற அதே பதிலை அவர் எனக்குச் சொன்னார். அப்பா என் பக்கம் நின்றார். பதின்மூன்று நாளில் மணவறையில் உட்கார வேண்டிய பையன், கல்யாணம் முடிந்து போடட்டுமே என்றார். அம்மா யாருக்கும் இடம் கொடுக்கவில்லை.

"சாமிக்குக் குடுக்க வேண்டியத வச்சிக்கிட்டு என் மகன் தாலி கட்டக் கூடாது. நாளைக்கு விடிஞ்சதும் அடிச்சிரணும்."

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குக் கோயில் பின்புறம் பலகையில் உட்கார்ந்தேன். தலை முடிந்ததும் எழுந்திருக்கப் போனவனை நாவிதர் தோளில் கை வைத்து அழுத்தினார். மீசை இருக்கட்டும் என்று நான் பதறினேன். பூசாரி கடதாசியை மறுபடி விரித்தார்.

"முடிய முழுமையாகவும்னு எழுதியிருக்கீங்க தம்பி. மீசையும் முடிதானே."

பத்து வருடம் பார்த்துப் பார்த்து வளர்த்த மீசை, 'முழுமையாகவும்' என்ற ஒரு சொல்லில் போனது. தலையில் கெட்டியாகச் சந்தனம் பூசிவிட்டார்கள். சந்தனம் இருந்தால் நேர்த்தி மொட்டை. சந்தனம் இல்லாமல், தலையும் மீசையும் மழித்து ஒருத்தன் தெருவில் போனால் எங்களவர்கள் நினைப்பது ஒன்றே ஒன்றுதான், பெற்றவர்களில் யாரோ போய்விட்டார்கள். கண்டிக்கு வேலைக்குப் போகப் பஸ் நிறுத்தத்தில் கால் மணி நேரம் நின்றேன். குடையை வீட்டில் மறந்திருந்தேன். கலஹா மழை சந்தனத்தை ஒரு பொட்டுக்கூட விடாமல் கழுவிக்கொண்டு போனது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அதற்கு முந்திய மாதம் அப்பாவுக்கு நெஞ்சு வலி என்று பேராதனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், எல்லாம் சோதித்து, வெறும் வாயு என்று அனுப்பி வைத்தார்கள். தர்ஷினி வீட்டார் பழம் வாங்கிக்கொண்டு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். முன்னின்று கூட்டிவந்தவர் தர்ஷினியின் தாய்மாமன் முத்தையா. தெல்தெனியவில் போட்டோக் கொப்பி, பெனர், கல்யாணக் கார்ட் எல்லாம் அடிக்கிற கடை வைத்திருப்பவர். எங்கள் கல்யாணக் கார்டும் அவர் கடையில்தான் அச்சாகிக்கொண்டிருந்தது.

பஸ் பேராதனையில் நெரிசலில் மாட்டி நின்றது. ஆஸ்பத்திரிக்கு எதிரில், குடை பிடித்துக்கொண்டு முத்தையா மாமா நிற்கிறார். யாரோ நோயாளியைப் பார்த்துவிட்டு வந்தாராம். என் தலை ஜன்னலில் தெரிந்ததும் அவர் முகம் கறுத்தது. சாலையைக் கடந்து ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றார்.

"மாப்பிள்ள, என்ன கோலம் இது?"

அந்தச் சமயத்தில் என் மனநிலையை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். வளர்பிறை கிண்ணத்தை விட்டதைத் தவிர உலகத்தில் வேறு சம்பவமே நடக்கவில்லை என்று நான் முழுசாக நம்பினேன். இரவெல்லாம் தூங்காத கண் சிவந்திருந்தது.

"முடிஞ்சிருச்சு மாமா," என்றேன்.

"எப்ப?"

"நேத்து சாயந்தரம். அஞ்சரை இருக்கும்."

"இங்கயா, பேராதனையிலயா?"

"இங்கதான் மாமா. நான் கடைசி வரைக்கும் பக்கத்துலயே இருந்தேன். எல்லாம் நல்லாத்தான் போய்க்கிட்டு இருந்துச்சு. கடைசி நிமிஷத்துல கை விட்டுப் போயிருச்சு."

மாமா கண்ணைத் துடைத்தார். இவ்வளவு இளகிய ரசிகரா இவர் என்று எனக்கு அவர்மேல் புது மரியாதை வந்தது.

"முன்னமே ஒண்ணும் தெரியலையா மாப்பிள்ள?"

"மூணு வாரமாவே சரியில்ல. நாங்கதான் பெரிசா எடுத்துக்கல."

"அம்மா எப்பிடி இருக்காங்க?"

"அவங்க தைரியமாத்தான் இருக்காங்க. விடிஞ்சதும் மொட்டையடிச்சிரணும்னு அவங்கதான் ஒத்தக்கால்ல நின்னாங்க."

பஸ் நகரத் தொடங்கியது. மாமா கூடவே நான்கு எட்டு ஓடி வந்து கேட்டார்: "எப்ப மாப்பிள்ள எடுக்குறீங்க?"

எங்கள் வீடுகளில் 'எடுக்கிறது' என்றால் பிரேதம் எடுக்கிறது. எனக்கோ எடுப்பதற்கு உலகத்தில் கிண்ணத்தைத் தவிர வேறொன்றும் இல்லை.

"இனி அடுத்த வருஷந்தான் மாமா," என்று கத்தினேன். "வேற வழியில்ல."

(பாவம், பிள்ளை துக்கத்தில் எதைக் கேட்டாலும் கல்யாணத்தைத்தான் நினைத்துப் பேசுகிறது, சாவு வீட்டின் ஒரு வருடத் துடக்கைச் சொல்கிறது என்று நினைத்தாராம். மாமா பிறகு சொன்னது.)

அலுவலகத்தில் இன்னொரு கூத்து. கோர்ட்டிலிருந்து ஒரு மணிக்கு வந்த எங்கள் நொத்தாரிசு மாத்தயா என்னைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார். சிங்களவர், முப்பது வருடமாகத் தமிழ்க் கட்சிக்காரர்களோடு பழகியவர், மொட்டைக்கு அர்த்தம் தெரிந்தவர். ஒரு வார்த்தை கேட்கவில்லை. தோளைத் தொட்டு, "போங்க சந்திரா, வீட்டுக்குப் போங்க. மூணு நாள் வர வேணாம்," என்றார். வளர்பிறையின் துயரம் இன மத பேதமில்லாமல் எல்லா நெஞ்சையும் தொட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அவ்வளவு பெரிய முட்டாள் நான்.

கலஹா சந்தியில் இறங்கியதும் வெள்ளைக்கொடி தெரிந்தது. எங்கள் வீட்டுக்கு ஏறுகிற பாதை நெடுக மின்கம்பத்துக்குக் கம்பம் நூல் கட்டிக் கொடி விட்டிருந்தார்கள். யாரோ போய்விட்டார்கள் என்று நினைத்தபடி நாலடி வைத்தேன். திருப்பத்தில் ஒரு பெரிய பெனர். 'கண்ணீர் அஞ்சலி. அமரர் பெருமாள் அவர்கள்.' நடுவில் அப்பா. பரிசம் போட்ட அன்று எடுத்த படம், கழுத்தில் மாலையோடு சிரித்துக்கொண்டிருந்தார்.

மறுபடி நெஞ்சு வலி வந்திருக்கும், என்னைக் கூப்பிட்டிருப்பார்கள், போன் அரிசிக்குள் கிடந்திருக்கும் என்று நினைத்தேன். நேற்று முழுக்க நான் ஒரு பந்துக்காக அழுதிருக்கிறேன், எனக்காகப் பரிந்து பேசிய மனுஷனிடம் காலையில் போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. செருப்பு எங்கே கழன்றது என்று தெரியாது. அந்தக் கால் மைல் மேட்டை எப்படி ஏறினேன் என்றும் தெரியாது. வளர்பிறை, கிண்ணம், மீசை எதுவும் என் நினைப்பில் இல்லை. அப்பா, அப்பா என்று வாய்விட்டு அழுதுகொண்டே வாசலுக்கு வந்து விழுந்தேன்.

முற்றத்தில் கதிரை போட்டு இருபது பேருக்குமேல் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, தட்டில் பிளேன்டீ கொண்டுவந்து ஒவ்வொருவராகக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

நான் வருவதற்கு முன்னால் நடந்ததைப் பிறகு துண்டு துண்டாகக் கேட்டு ஒட்டியதுதான் இது. மாமா என் போனுக்கு அடித்திருக்கிறார். அது அரிசிக்குள். அவரிடம் இருந்த இன்னொரு நம்பர் அப்பாவுடையது. செத்தவருக்கு எப்படிப் போன் எடுப்பது? ஆகவே கடைக்குப் போய்க் கல்யாணக் கார்டை நிறுத்திவிட்டு, அதே மெஷினில் அஞ்சலிப் பெனரை அடித்து, தர்ஷினியைப் பாடசாலையிலிருந்து கூட்டிக்கொண்டு, குடும்பத்தோடு வேன் பிடித்து வந்துவிட்டார். வழியெல்லாம் கொடி கட்டியதும் அவர்கள்தான். சம்பந்தி வீட்டுச் சாவுக்கு இதைக்கூடச் செய்யாவிட்டால் எப்படி?

பாதைத் திருப்பத்திலேயே தர்ஷினியின் அம்மா ஒப்பாரியைத் தொடங்கியிருக்கிறார். சத்தம் கேட்டு என் அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தார். எங்கள் பக்கத்தில் அழுகிறவரைக் கண்டால் முதலில் கட்டிப்பிடித்துச் சேர்ந்து அழ வேண்டும், யார் என்பதை அப்புறம்தான் கேட்க வேண்டும். இரண்டு சம்பந்திகளும் வாசலில் கட்டிப்பிடித்துப் பத்து நிமிடம் அழுதிருக்கிறார்கள். பிறகு அம்மா மூக்கைச் சிந்திவிட்டுக் கேட்டிருக்கிறார்.

"யாருங்க போனது?"

"ஒங்க வீட்டுக்காரருதானேங்க."

அந்த நேரம் பார்த்துக் கல்யாணத்துக்காகப் பின்சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்த அப்பா, முகமெல்லாம் வெள்ளையாக, கையில் தூரிகையோடு வந்து, "வாங்க, வாங்க. என்ன எல்லாரும் ஒண்ணா வந்திருக்கீங்க?" என்றாராம்.

அதைக் கண்டு மயங்கி விழுந்த தர்ஷினியின் அம்மா, நான் வந்தபோதுதான் தெளிந்து உட்கார்ந்திருந்தார்.

நான் அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டேன். விடவே இல்லை. அவர் தட்டைக் கீழே வைக்க இடமில்லாமல் தடுமாறினார்.

"எந்திரிடா. எனக்கு ஒண்ணும் இல்ல. செத்தவன் நானே சும்மா இருக்கேன், நீ ஏன் அழுவுற?" என்று என் மொட்டையில் கை வைத்தார். அந்தக் கையின் சூடு எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை.

அதற்கப்புறம் விசாரணை. இருபது பேருக்கு முன்னால் நேர்த்தி முதல் ஜன்னலோரப் பேச்சு வரை எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று. சாவு என்று கேள்விப்பட்டு வேலுப் பூசாரியும் வந்திருந்தார், கடதாசியோடு. மாமா கடைசியாக ஒரு சந்தேகம் கேட்டார்.

"அப்ப அடுத்த வருஷம் எடுக்குறோம்னு சொன்னது?"

"கிண்ணம் மாமா."

யாரும் சிரிக்கவில்லை. தர்ஷினியின் அம்மா எழுந்து சேலையை உதறினார். "கல்யாண வாசல்ல ஒப்பாரி வச்சாச்சு. இது நல்ல சகுனம் இல்ல. ஒரு பந்துக்காகப் பெத்த தகப்பனையே சாகடிச்சவருக்கு எப்பிடிங்க பொண்ணக் குடுக்குறது? கார்ட் நிப்பாட்டினது நிப்பாட்டினதாவே இருக்கட்டும்."

என் அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். அப்பா என்னைப் பார்த்தார். நான் தர்ஷினியைப் பார்த்தேன். பாடசாலைச் சேலையோடு, பையை மடியில் வைத்துக்கொண்டு, அழுது வீங்கிய கண்ணோடு உட்கார்ந்திருந்தார். கல்யாணத்துக்குள் பந்து உருண்டு வரக்கூடாது என்று அவர் கேட்ட ஒன்றே ஒன்றைக்கூட நான் காப்பாற்றவில்லை. இந்தப் பெண் எழுந்து போய்விட்டால் அதற்குமேல் எனக்கு ஒன்றும் இல்லை என்று அந்த நிமிடம் தெரிந்தது.

தர்ஷினி பூசாரியிடம் கையை நீட்டினார். "அந்தக் கடதாசிய தாங்க."

முழுவதும் வாசித்தார். பையிலிருந்து சிவப்புப் பேனையை எடுத்தார். 'ஆட்டங்களுள் எந்தவோர் ஆட்டத்திலும் தோல்வியுறாதிருக்க' என்பதைச் சுழித்து, மேலே 'ஆட்டங்களிலும் வெற்றி பெற' என்று எழுதினார். 'முடியை' என்பதற்கு முன்னால் 'தலை' என்று சேர்த்தார். அடியில் 'எழுத்துப்பிழை இல்லை. மீண்டும் எழுதவும்' என்று போட்டு, பத்துக்கு மூன்று என்று புள்ளியும் இட்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீங்களும் மாமாவும் அவ்வளவு நேரம் பேசியிருக்கீங்க. முடிஞ்சிருச்சு, போயிருச்சு, சரியில்ல. யாரு முடிஞ்சாங்க, எது போச்சு? ஒரு வாக்கியத்துல கூட எழுவாய் இல்ல. தலையும் மொட்டை, பேச்சும் மொட்டை."

முதலில் சிரித்தது அப்பாதான். அவருடைய நெஞ்சுக்கு ஆகாத அளவுக்குச் சிரித்தார். அப்புறம் மாமா, அப்புறம் பூசாரி. தர்ஷினி தன் அம்மாவின் பக்கம் திரும்பினார்.

"அம்மா, கிண்ணமே இல்லன்னாலும் எழுதிக் குடுத்த சொல்லுக்காக மீசையக்கூட எடுத்திருக்காரு. சொன்னதக் காப்பாத்துற மனுஷன். என்ன சொல்லணும்னுதான் தெரியல. அத இனிமே நான் எழுதிக் குடுத்துக்கிறேன். மாமா, கார்ட அடிங்க."

குறித்த நாளில் கல்யாணம் நடந்தது. எங்கள் கல்யாண அல்பத்தில் மாப்பிள்ளை தலைப்பாகையை ஒரு படத்தில்கூடக் கழற்றவில்லை. மேலுதட்டில் பன்னிரண்டு நாள் முளைத்ததை ஸ்டூடியோக்காரர் கறுப்பாக்கிக் கொடுத்தார். அது இரண்டு பக்கமும் ஒரே அளவில் இல்லை. சிவப்பு மை போட்ட கடதாசி அலுமாரியில் பிறப்புச் சான்றிதழ்களோடு பத்திரமாக இருக்கிறது.

பெனரை அப்பா யாருக்கும் கொடுக்கவில்லை. நல்ல கெட்டியான பெனர், மழைக்குத் தாங்கும் என்று வளர்பிறை ஆடுகிற மைதானங்களுக்கு எடுத்துக்கொண்டு போய், நாலு கம்பு நட்டு அதன் கீழே உட்கார்ந்து பார்ப்பார். மேலே 'அமரர் பெருமாள்', கீழே பெருமாள். எதிரணிக்காரர்கள் தள்ளித்தான் உட்காருவார்கள். இரண்டு வருடமாக முழங்கால் வலி, வீட்டிலிருந்தே சேதி கேட்கிறார்.

எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் 'முடிஞ்சிருச்சு' என்ற சொல்லை யாரும் தனியாகச் சொல்லக் கூடாது. சோறு முடிஞ்சிருச்சு, கரண்ட் பில் கட்டி முடிஞ்சிருச்சு என்று எழுவாயோ செயப்படுபொருளோ ஏதாவது ஒன்று முன்னால் வந்தாக வேண்டும். தவறினால் உடனே கேள்வி வரும். தொலைபேசியில் என்றால் கட்டாயம் வரும்.

போன மாதம் இந்தப் பருவத்தின் கடைசி ஆட்டம். வென்றால் கிண்ணம். மறுபடி பேராதனை, மறுபடி மழை, மறுபடி கடைசி நிமிடம். இந்த முறை நான் எந்தச் சாமியிடமும் எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை, அதனால் நேர்மையாகவே தோற்றோம். மதிலோரம் நின்று வீட்டுக்குப் போன் எடுத்தேன். தோற்ற துக்கத்தில் வீட்டு விதி மறந்துவிட்டது.

"முடிஞ்சிருச்சு," என்றேன்.

அந்தப் பக்கமிருந்து ஆறு வயது மகளின் குரல், அம்மாவின் அதே கண்டிப்போடு வந்தது.

"எழுவாய் எங்கப்பா?"

"வளர்பிறை," என்றேன்.

அவளுக்குப் பின்னால் கதிரை கிறீச்சிட்டது. என் அப்பாவின் குரல் கேட்டது.

"அப்பாடா."